இத்தாலிய வினைவடிவங்கள்: அசைப் பிரிப்பும் அழுத்தமும்

இத்தாலிய வினைவடிவம் எதை எடுத்தாலும் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். அதில் எத்தனை அசைகள் உள்ளன? அவற்றுள் அழுத்தம் எந்த அசையில் விழுகிறது? இவை தெரியாவிட்டால் சொல்லைச் சரியாக உச்சரிக்க முடியாது. பல இடங்களில் அதன் காலத்தையும் இடத்தையும் பொருளையும்கூட அறிய முடியாது.

ஆறு எழுத்தில் அமைந்த ஒரு சொல் இதற்குத் தக்க சான்று. அது க-பி-தொ என மூன்று அசையாகப் பிரியும். முதல் அசை அழுத்தம் பெற்றால் ‘நான் தற்செயலாக வந்து சேர்கிறேன்’ என்னும் நிகழ்காலத் தன்மை வினை. நடு அசை அழுத்தம் பெற்றால் ‘புரிந்தது’ என்னும் இறந்தகால எச்சம். கடைசி அசை அழுத்தம் பெற்றால் ‘அது நேர்ந்தது’ என்னும் படர்க்கை இறந்தகாலம். முதலும் மூன்றும் ஒரே வினையின் வடிவங்கள். நடுவில் உள்ளது வேறொரு வினைக்கு உரியது. எழுத்தில் மூன்றாவதற்கு மட்டுமே குறி இடப்படுகிறது. முதல் இரண்டும் ஒன்றுபோலவே அச்சாகும். அவற்றைப் பிரித்தறிய வாசிப்பவரின் இலக்கண அறிவே துணை.

அசையும் அழுத்தமும் உச்சரிப்போடு நின்றுவிடுபவை அல்ல. பாடநூல்கள் ‘ஒழுங்கற்றவை’ என்று தனியே பட்டியலிடும் வடிவங்களில் பலவும் இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒழுங்கிற்கு வந்துவிடுகின்றன. வினையடியின் உயிர் ஏன் ஓரிடத்தில் மாறி இன்னோரிடத்தில் மாறாமல் நிற்கிறது, ஓர் இறந்தகால வாய்பாட்டில் மூன்று வடிவங்கள் மட்டும் ஏன் விலகி நிற்கின்றன, எதிர்காலத்தில் ஓர் உயிர் ஏன் மறைகிறது ஆகிய கேள்விகளுக்கெல்லாம் விடை அசையிலும் அழுத்தத்திலும்தான் இருக்கிறது.

எழுத்துமுறைக் குறிப்பு

இவ்வுரையில் இத்தாலியச் சொற்கள் தமிழ் எழுத்தில் தரப்படுகின்றன. அசைகளுக்கு இடையே சிறு கோடும், அழுத்தம் பெறும் அசைக்கு முன்னால் ˈ என்னும் குறியும் இடப்படும். க, த, ப ஆகியவை இத்தாலியத்தில் ஒலிப்புள்ளவையாகவும் ஒலிப்பற்றவையாகவும் தனித்தனி ஒலிகள்; தமிழ் எழுத்து அந்த வேறுபாட்டைக் காட்டாது. ச என்பது ‘பச்சை’ என்னும் சொல்லில் உள்ள ஒலியைக் குறிக்கும். ‘ஸ’ தனி ஒலி. அழுத்தம் பெற்ற உயிர் திறந்த அசையில் நீண்டு ஒலிப்பதால் அங்கு நெடில் எழுதப்படும். சொல்லின் இறுதியில் அழுத்தம் பெற்ற உயிர் நீளாது. அங்கு குறிலே வரும்.

அசை பிரிக்கும் விதிகள்

ஒவ்வோர் அசைக்கும் ஓர் உயிரொலி கருவாக இருக்கும். இரண்டு உயிர்களுக்கு இடையே ஒற்றை மெய் நின்றால் அது பின்வரும் அசையைச் சேரும். ‘நேசிப்பது’ என்னும் வினை அ-ˈமா-ரெ எனப் பிரியும். ‘முடிப்பது’ ஃபி-ˈனீ-ரெ எனப் பிரியும்.

மெய்கள் கூட்டமாக வரும்போது ஓர் எளிய சோதனை உண்டு. அந்தக் கூட்டம் ஓர் இத்தாலியச் சொல்லின் தொடக்கத்தில் வரக்கூடியதா என்று பார்க்க வேண்டும். வரக்கூடியது என்றால் முழுவதும் பின் அசைக்குப் போகும். வராதது என்றால் பிளக்கும். ப்ர, த்ர, க்ல போன்றவை சொல்லின் முதலில் வருபவை. ஆகவே ‘திறப்பது’ அ-ˈப்ரீ-ரெ. ர்ல, ன்த, ம்ப போன்றவை சொல்லின் முதலில் வருவதில்லை. ஆகவே ‘பேசுவது’ பர்-ˈலா-ரெ, ‘பாடுவது’ கன்-ˈதா-ரெ. மூன்று மெய்கள் வந்தாலும் இதே சோதனை போதும். ‘வாங்குவது’ கொம்-ˈப்ரா-ரெ, ‘நுழைவது’ என்-ˈத்ரா-ரெ.

இரட்டித்த மெய் எப்போதும் இரண்டாகப் பிளக்கும். முன் அசையை ஒன்று மூடும். பின் அசையை ஒன்று தொடங்கும். ‘படிப்பது’ ˈலெஜ்-ஜெ-ரெ, ‘நான் செய்கிறேன்’ ˈஃபச்-சொ. தமிழில் ‘பட்டு’ பட்-டு எனப் பிரிவதைப் போன்றதே இது. ஒற்றை மெய்யையும் இரட்டை மெய்யையும் பொருள் வேறுபாட்டிற்குப் பயன்படுத்தும் மொழியைப் பேசுபவர்களுக்கு இத்தாலியத்தின் இந்தப் பகுதி கடினமாக இராது.

ஸ் என்னும் ஒலியை அடுத்து வேறு மெய் வந்தால் அச்சு மரபு இரண்டையும் சேர்த்துப் பின் அசைக்கு அனுப்புகிறது. ‘நான் தங்குகிறேன்’ ˈரெ-ஸ்தொ, ‘காட்டுவது’ மொ-ˈஸ்த்ரா-ரெ. சொல்லின் தொடக்கச் சோதனைக்கும் இது பொருந்துகிறது. ஸ்த, ஸ்க, ஸ்ப ஆகியவற்றில் தொடங்கும் இத்தாலியச் சொற்கள் ஏராளம். ஆனால் காது வேறு சான்று தருகிறது. ˈரெ-ஸ்தொ என்பதில் முதல் உயிர் நீள்வதில்லை. திறந்த அசையில் அழுத்தம் பெற்ற உயிர் நீள வேண்டும் என்பதால், இங்கு அந்த அசையை ஸ் மூடியிருக்கிறது என்றே ஒலியியல் அறிஞர்கள் பலர் கொள்கின்றனர். வரி முடிவில் சொல்லை உடைக்க அச்சு மரபைப் பின்பற்றுவதும், உயிரின் நீளத்தை அறியக் காதைப் பின்பற்றுவதும் முறை.

ஓர் ஒலியைக் குறிக்க இரண்டு மூன்று எழுத்துகளைச் சேர்த்து எழுதும் இடங்கள் இத்தாலியத்தில் பல. ஞ, ஷ, மேலண்ண ல ஆகிய ஒலிகள் அப்படி எழுதப்படுபவை. அந்தக் கூட்டெழுத்தை உடைக்கக் கூடாது. ‘நனைப்பது’ ப-ˈஞா-ரெ, ‘விட்டுவிடுவது’ ல-ˈஷா-ரெ, ‘எழுப்புவது’ ஸ்வெ-ˈலியா-ரெ. உயிர்களுக்கு நடுவே இம்மூன்று ஒலிகளும் இரட்டித்தே ஒலிக்கும். எழுத்தில் மட்டும் அவை ஒன்றாக நிற்கின்றன.

உயிர்கள் அடுத்தடுத்து வரும் இடமே மிகுந்த கவனம் வேண்டுவது. அ, எ, ஒ ஆகியவை ஒன்றோடொன்று சேர்ந்து ஓரசை ஆவதில்லை. ‘படைப்பது’ க்ரெ-ˈஆ-ரெ, ‘அவர்கள் படைக்கிறார்கள்’ ˈக்ரே-அ-னொ. இ, உ இரண்டும் அழுத்தம் பெறாதபோது அருகிலுள்ள உயிரோடு ஒட்டி ஓரசையாகிவிடும். அழுத்தம் பெற்றால் தனித்து நிற்கும். ‘பிடித்திருக்கிறது’ ˈபியா-செ என ஈரசை; ‘நான் ஒற்றறிகிறேன்’ ˈஸ்பீ-ஒ என்பதும் ஈரசையே, ஆனால் அங்கு இ தனக்கென ஓர் அசையைப் பிடித்துக்கொள்கிறது.

இந்த வேறுபாடு எழுத்திலும் தடம் பதிக்கிறது. ‘பயில்வது’, ‘அனுப்புவது’ ஆகிய இரண்டு வினைகளும் அகராதியில் ஒரே ஈற்றோடு முடிகின்றன. ‘நான் பயில்கிறேன்’ ˈஸ்தூ-தியொ. இங்கு இ அழுத்தமற்றது. ‘நான் அனுப்புகிறேன்’ இன்-ˈவீ-ஒ. இங்கு இ அழுத்தம் பெற்றது. முன்னிலை ஒருமைக்கு இன்னோர் இ விகுதியாக வந்து சேரும்போது, அழுத்தமற்ற இ விகுதியோடு கலந்து மறைகிறது: ˈஸ்தூ-தி. அழுத்தம் பெற்ற இ மறைய மறுக்கிறது: இன்-ˈவீ-இ. ஆகவே முதல் வினையில் ஓர் இ, இரண்டாம் வினையில் இரண்டு இ எழுதப்படுகின்றன. எழுத்திலக்கண விதி போலத் தோன்றுவது உண்மையில் அழுத்த விதி.

சில இடங்களில் எழுதப்படும் இ ஒலிப்பதே இல்லை. ‘உண்பது’ மன்-ˈஜா-ரெ என்பதில் அந்த எழுத்து முந்தைய மெய்யை ஜ என ஒலிக்கச் செய்யும் அடையாளம் மட்டுமே. அதற்கு அசை கிடையாது. எதிர்காலத்தில் அடுத்து எ வருவதால் அடையாளத்திற்குத் தேவை இல்லாமல் போகிறது; மன்-ஜெ-ˈரொ என்னும் வடிவம் அந்த எழுத்து இல்லாமலே எழுதப்படுகிறது.

அழுத்தத்தின் வகைகளும் எழுத்துக் குறியும்

இத்தாலிய இலக்கண மரபு அழுத்தத்தைச் சொல்லின் இறுதியிலிருந்து எண்ணுகிறது. கடைசி அசையில் அழுத்தம் விழும் சொல் த்ரொங்கா. ‘அவன் பேசினான்’ பர்-ˈலொ. ஈற்றயல் அசையில் விழுவது பியானா, பர்-ˈலா-ரெ. இறுதியிலிருந்து மூன்றாம் அசையில் விழுவது ஸ்த்ருச்சொலா. ‘அவர்கள் பேசுகிறார்கள்’ ˈபர்-ல-னொ. நான்காம் அசையில் விழுவது பிஸ்த்ருச்சொலா. ‘அவர்கள் வசிக்கிறார்கள்’ ˈஆ-பி-த-னொ. ஐந்தாம் அசையில் விழுவது த்ரிஸ்த்ருச்சொலா. ‘அதை எனக்குச் செய்து கொடு’ ˈஃபப்-ப்ரி-க-மெ-லொ. இத்தாலியச் சொற்களில் மிகுதியானவை பியானா வகையைச் சேர்ந்தவை. நான்காம், ஐந்தாம் அசை அழுத்தம் வினைவடிவங்களில்தான் காணப்படுகிறது. பெயர்ச்சொல்லில் அழுத்தம் அவ்வளவு தொலைவு பின்வாங்குவதில்லை.

யாப்பிலும் இந்த வகைப்பாடு பயன்படுகிறது. தாந்தேயின் ‘தெய்வீக நாடகம்’ அமைந்த பதினோரசை அடிக்கு இலக்கணம் பத்தாம் அசையில் இறுதி அழுத்தம் விழ வேண்டும் என்பதே. அடியின் ஈற்றில் பர்-ˈலொ போன்ற சொல் வந்தால் அடி பத்து அசையோடு முடியும். ˈபர்-ல-னொ போன்ற சொல் வந்தால் பன்னிரண்டு அசைக்கு நீளும். மூன்றும் ஒரே வகை அடியாகவே கொள்ளப்படும்.

எழுத்தில் அழுத்தக் குறி கட்டாயமாவது ஈரசையும் அதற்கு மேலும் உள்ள சொற்களில் கடைசி அசை அழுத்தம் பெறும்போது. ஓரசைச் சொற்களில் சிலவும் குறி பெறும்: ‘அவனால் முடியும்’ என்னும் ˈபுவொ குறியோடு எழுதப்படும், ‘கொடுக்கிறான்’ என்னும் த, ‘இருந்து’ என்னும் இடைச்சொல்லிலிருந்து பிரித்தறியக் குறி பெறும். ‘செய்கிறான்’, ‘போகிறான்’, ‘இருந்தான்’ ஆகிய ஓரசை வினைகளுக்குக் குறி இல்லை. இந்த வழக்கை இத்தாலியத் தர நிர்ணய அமைப்பான ஊனி 1967-இல் 6015 என்னும் எண்ணிட்ட விதியில் வரையறுத்தது. குறியின் சாய்வும் பொருளுடையது: எ, ஒ ஆகியவை வாய் விரிந்து ஒலித்தால் இடப்பக்கம் சாய்ந்த குறி, குறுகி ஒலித்தால் வலப்பக்கம் சாய்ந்த குறி.

அகராதி வடிவம்

இத்தாலிய வினைகளில் மிகப் பெரும்பாலானவை அகராதியில் ஆரெ, எரெ, ஈரெ என்னும் மூன்று ஈறுகளில் ஒன்றோடு நிற்கும். முதல் வகையிலும் மூன்றாம் வகையிலும் ஐயமே இல்லை. அழுத்தம் எப்போதும் ஈற்றயல் அசையில்தான். நடு வகை இரண்டாகப் பிரிகிறது. வெ-ˈதே-ரெ ‘காண்பது’, தெ-ˈமே-ரெ ‘அஞ்சுவது’, அ-ˈவே-ரெ ‘வைத்திருப்பது’ ஆகியவற்றில் ஈற்றயல் அசை அழுத்தம் பெறுகிறது. ˈலெஜ்-ஜெ-ரெ ‘படிப்பது’, ˈஸ்க்ரீ-வெ-ரெ ‘எழுதுவது’, ˈப்ரென்-தெ-ரெ ‘எடுப்பது’ ஆகியவற்றில் அழுத்தம் வினையடிக்கே போகிறது. எழுத்தைப் பார்த்து இதை அறிய வழியில்லை.

காரணம் இலத்தீனில் இருக்கிறது. இலத்தீனில் ஈற்றயல் அசை நீண்ட உயிரைக் கொண்டிருந்தாலோ மெய்யால் மூடப்பட்டிருந்தாலோ அழுத்தம் அதில் விழும். இல்லையெனில் அதற்கு முந்தைய அசைக்குப் போகும். ‘காண்பது’ என்பதில் எ நெடில். ‘படிப்பது’ என்பதில் குறில். பிற்காலத்தில் உயிர்களின் குறில் நெடில் வேறுபாடு மறைந்தது. அழுத்தம் மட்டும் விழுந்த இடத்தில் தங்கிவிட்டது. இலத்தீனில் கணக்கிட்டு அறிந்ததை இத்தாலியத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் தனியே கற்க வேண்டியிருப்பது இதனால்தான். சில வினைகள் வழியில் அணி மாறியும் விட்டன. ‘விழுவது’, ‘அறிவது’ ஆகியவை இலத்தீனில் வினையடியில் அழுத்தம் பெற்றவை. இத்தாலியத்தில் க-ˈதே-ரெ, ஸ-ˈபே-ரெ. ‘சிரிப்பது’, ‘பதில் சொல்வது’ ஆகியவை இதற்கு நேர்மாறாக நகர்ந்து ˈரீ-தெ-ரெ, ரி-ˈஸ்பொன்-தெ-ரெ ஆயின.

நிகழ்காலம்

நிகழ்காலத்தின் ஆறு வடிவங்களில் அழுத்தம் ஊசலாடுகிறது. ‘பேசுவது’ என்னும் வினை: ˈபர்-லொ, ˈபர்-லி, ˈபர்-ல, பர்-ˈலியா-மொ, பர்-ˈலா-தெ, ˈபர்-ல-னொ. ஒருமை மூன்றிலும் படர்க்கைப் பன்மையிலும் அழுத்தம் வினையடியில். தன்மை, முன்னிலைப் பன்மைகளில் விகுதியில். நான்குக்கு இரண்டு என்னும் இந்தப் பகுப்பு இத்தாலிய வினை முழுவதற்கும் அச்சாணி.

படர்க்கைப் பன்மையில்தான் கற்பவர்கள் மிகுதியும் தவறுகிறார்கள். ஈற்றயல் அசையில் அழுத்தம் வைப்பது இத்தாலியத்தின் பொதுப் போக்கு என்பதால் பர்-ˈலா-னொ என்று சொல்லத் தோன்றும். அது தவறு. இலத்தீனில் இந்த வடிவம் மெய்யில் முடிந்தது. கடைசி மெய் வீழ்ந்தபின் ஒ என்னும் உயிர் இறுதியில் வந்து ஒட்டியது. அசை ஒன்று கூடியதே தவிர அழுத்தம் அசையவில்லை. ஆகவே விதி எளியது: படர்க்கை ஒருமையில் அழுத்தம் எங்கு இருக்கிறதோ படர்க்கைப் பன்மையிலும் அங்கேயே இருக்கும். ˈபர்-ல என்றால் ˈபர்-ல-னொ; ˈஆ-பி-த என்றால் ˈஆ-பி-த-னொ.

ஆனால் ஒருமையில் அது எங்கு இருக்கிறது? வினையடி ஓரசையாக இருந்தால் கேள்விக்கே இடமில்லை. ஈரசையோ அதற்கு மேலோ ஆனால் இரண்டு வாய்ப்புகள் உண்டு. ‘உழைக்கிறேன்’ ல-ˈவோ-ரொ, ‘ஆயத்தம் செய்கிறேன்’ ப்ரெ-ˈபா-ரொ, ‘நடக்கிறேன்’ கம்-ˈமீ-னொ என்பவற்றில் வினையடியின் கடைசி அசை அழுத்தம் பெறுகிறது. ‘வசிக்கிறேன்’ ˈஆ-பி-தொ, ‘மறக்கிறேன்’ தி-ˈமென்-தி-கொ, ‘கற்பனை செய்கிறேன்’ இம்-ˈமா-ஜி-னொ, ‘தொலைபேசியில் அழைக்கிறேன்’ தெ-ˈலே-ஃபொ-னொ என்பவற்றில் அதற்கு முந்தைய அசை. அகராதி வடிவத்தைக் கொண்டு இதை ஊகிக்க இயலாது. நல்ல அகராதிகள் தன்மை ஒருமையை அழுத்தக் குறியோடு தருவது இதற்காகவே.

அழுத்தம் மாறினால் பொருளும் மாறும். ˈபெர்-தொ-னொ ‘அவர்கள் இழக்கிறார்கள்’; பெர்-ˈதோ-னொ ‘நான் மன்னிக்கிறேன்’. ˈபா-க-னொ ‘அவர்கள் பணம் கட்டுகிறார்கள்’. ப-ˈகா-னொ என்பது கிறித்தவத்திற்கு முந்தைய பழஞ்சமயத்தவரைக் குறிக்கும் பெயர். தெ-ˈஸீ-தெ-ரி ‘நீ விரும்புகிறாய்’, தெ-ஸி-ˈதே-ரி ‘விருப்பங்கள்’. ஒவ்வோர் இணையும் எழுத்தில் ஒன்றே.

ஈரெ வகையைச் சேர்ந்த பெரும்பாலான வினைகள் இந்த ஊசலாட்டத்தைத் தவிர்க்க ஒரு வழி கண்டன. வினையடி அழுத்தம் பெற வேண்டிய நான்கு இடங்களிலும் வினையடிக்கும் விகுதிக்கும் நடுவே இஸ்க் என்னும் இடைநிலை நுழைகிறது. ‘முடிப்பது’: ஃபி-ˈனி-ஸ்கொ, ஃபி-ˈனி-ஷி, ஃபி-ˈனி-ஷெ, ஃபி-ˈனியா-மொ, ஃபி-ˈனீ-தெ, ஃபி-ˈனி-ஸ்கொ-னொ. ‘ஒரு நிலைக்கு மாறத் தொடங்குதல்’ என்னும் பொருளில் இலத்தீனில் வந்த இடைநிலையின் வழிவந்தது இது. இத்தாலியத்தில் அந்தப் பொருள் இல்லை. அழுத்தத்தைத் தாங்குவது ஒன்றே அதன் பணி. அழுத்தம் ஆறு வடிவங்களிலும் வினையடிக்கு அடுத்த அசையிலேயே நிலைபெற்றுவிடுகிறது. விகுதி தானே அழுத்தம் பெறும் இரண்டு இடங்களில் இடைநிலைக்குத் தேவையில்லை. அங்கு அது வருவதும் இல்லை.

அழுத்தமும் உயிரின் மாற்றமும்

‘வருவது’ என்னும் வினையின் நிகழ்காலம்: ˈவென்-கொ, ˈவியே-னி, ˈவியே-னெ, வெ-ˈனியா-மொ, வெ-ˈனீ-தெ, ˈவென்-கொ-னொ. வினையடியின் உயிர் சில இடங்களில் எ, சில இடங்களில் இயெ. பட்டியலாக மனப்பாடம் செய்தால் இது ஒழுங்கற்ற வினை. அசை பிரித்துப் பார்த்தால் அதன் ஒழுங்கு தெரியும்.

இலத்தீனின் குறில் எ, ஒ இரண்டும் அழுத்தம் பெற்ற திறந்த அசையில் இயெ, உவொ எனப் பிளந்தன. இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்து நிறைவேற வேண்டும். ˈவியே-னெ என்பதில் வினையடி அழுத்தம் பெறுகிறது, அசையும் திறந்தது, உயிர் பிளக்கிறது. ˈவென்-கொ என்பதில் அழுத்தம் உண்டு, ஆனால் ன் அசையை மூடுகிறது, உயிர் பிளக்கவில்லை. வெ-ˈனியா-மொ என்பதில் அசை திறந்தது, ஆனால் அழுத்தம் இல்லை, உயிர் பிளக்கவில்லை. ‘கையில் பிடிப்பது’ என்னும் வினையும் இதே வரிசையில் ˈதென்-கொ, ˈதியே-னி, தெ-ˈனியா-மொ எனச் செல்கிறது.

ஒ உயிரிலும் இதுவே நடக்கிறது. ‘சாகிறான்’ ˈமுவோ-ரெ, ‘சாகிறோம்’ மொ-ˈரியா-மொ. ‘விரும்புகிறான்’ ˈவுவோ-லெ, ‘விரும்புகிறீர்கள்’ வொ-ˈலே-தெ. இத்தாலிய இலக்கணம் இதை ‘நகரும் ஈருயிர்’ என்கிறது. இன்றைய மொழியில் சில வினைகள் பிளந்த உயிரை எல்லா வடிவங்களுக்கும் பொதுவாக்கிவிட்டன. ‘இசைப்பது’ முன்பு ஸொ-ˈனா-ரெ, இன்று ஸுவொ-ˈனா-ரெ. அன்றாடம் அடிக்கடி வழங்கும் வினைகள் பழைய மாற்றத்தை விடவில்லை.

அழுத்தம் இழந்த அசையில் உயிர் வேறு வகையிலும் மாறும். ‘கேட்கிறேன்’ ˈஓ-தொ, ‘கேட்கிறோம்’ உ-ˈதியா-மொ. ‘வெளியே போகிறேன்’ ˈஎ-ஸ்கொ, ‘வெளியே போகிறோம்’ உ-ˈஷா-மொ. ‘செய்தாக வேண்டும்’ என்னும் வினையில் தன்மை ஒருமை ˈதே-வொ, முன்னிலைப் பன்மை தொ-ˈவே-தெ. இவை எல்லாவற்றிலும் பிளவு விழும் கோடு ஒன்றே: நான்கு வடிவங்கள் ஒரு பக்கம், இரண்டு வடிவங்கள் மறுபக்கம்.

இறந்தகாலங்கள்

தொடர் இறந்தகாலத்தில் பொதுவாக அழுத்தம் வினையடிக்கு வருவதில்லை: பர்-ˈலா-வொ, பர்-ˈலா-வி, பர்-ˈலா-வ, பர்-ல-ˈவா-மொ, பர்-ல-ˈவா-தெ, பர்-ˈலா-வ-னொ. தன்மை, முன்னிலைப் பன்மைகளில் அது ஓரசை வலப்புறம் நகர்கிறது. இலத்தீனில் இருந்த நிலையும் இதுவே. ஐயம், விருப்பம் முதலியவற்றைச் சொல்லும் இறந்தகால வடிவத்தில் மட்டும் தன்மைப் பன்மை பர்-ˈலஸ்-ஸி-மொ என நிற்கிறது. இலத்தீன் அழுத்தம் இங்கு ஓரசை பின்வாங்கி, வாய்பாட்டின் ஆறு வடிவங்களும் ஒரே அசையில் அழுத்தம் பெறுகின்றன. பர்-ல-ˈவா-மொ என்பதன் பழக்கத்தில் இதையும் ஈற்றயலில் அழுத்தினால் தவறாகும்.

கதை சொல்லவும் வரலாறு எழுதவும் பயன்படும் முடிந்த இறந்தகாலம் இன்னும் செறிவானது. ஒழுங்கான வினைகளில் அழுத்தம் விகுதியில் நிற்கும். படர்க்கை ஒருமையில் கடைசி அசைக்கே போய்விடும். ˈபர்-லொ ‘பேசுகிறேன்’, பர்-ˈலொ ‘பேசினான்’ ஆகியவற்றுக்கு இடையே காதுக்குக் கிடைக்கும் வேறுபாடு அழுத்தம் ஒன்றுதான்.

‘படிப்பது’ என்னும் வினையின் இதே காலம்: ˈலெஸ்-ஸி, லெஜ்-ˈஜெ-ஸ்தி, ˈலெஸ்-ஸெ, லெஜ்-ˈஜெம்-மொ, லெஜ்-ˈஜெ-ஸ்தெ, ˈலெஸ்-ஸெ-ரொ. ஒன்றாம், மூன்றாம், ஆறாம் வடிவங்களில் அழுத்தம் வினையடியில். அந்த மூன்றில்தான் வினையடியும் லெஸ் என மாறியிருக்கிறது. மற்ற மூன்றில் அழுத்தம் விகுதியில். அங்கு அகராதியில் உள்ள வினையடி மாறாமல் வருகிறது. ‘எழுதினேன்’ ˈஸ்க்ரிஸ்-ஸி, ‘எழுதினாய்’ ஸ்க்ரி-ˈவெ-ஸ்தி. ‘எடுத்தேன்’ ˈப்ரே-ஸி, ‘எடுத்தாய்’ ப்ரென்-ˈதெ-ஸ்தி. இத்தகைய வினைகள் மிகப் பல. ஒவ்வொன்றிற்கும் தன்மை ஒருமை ஒன்று தெரிந்தால் மற்ற ஐந்தும் அழுத்தத்தின் வழியே தாமே அமைந்துவிடும். ‘இருப்பது’ போன்ற மிகச் சில வினைகளே இதற்குப் புறம்பானவை. இறந்தகால எச்சத்திலும் இதே பகுப்பைக் காணலாம்: விகுதியில் அழுத்தம் உள்ள பர்-ˈலா-தொ ஒழுங்கானது, வினையடியில் அழுத்தம் உள்ள ˈலெத்-தொ, ˈஸ்க்ரித்-தொ ஆகியவை தனி வடிவம் உள்ளவை.

எதிர்காலமும் நிபந்தனை வடிவமும்

எதிர்காலத்தில் அழுத்தம் எப்போதும் விகுதியில்தான். அகராதி வடிவத்தோடு ‘வைத்திருப்பது’ என்னும் வினையின் நிகழ்காலம் ஒட்டிப் பிறந்தது இந்தக் காலம்; ஒட்டிய துணைவினை அழுத்தத்தைத் தன்னிடம் இழுத்துக்கொண்டது. பர்-லெ-ˈரொ, பர்-லெ-ˈரை, பர்-லெ-ˈர, பர்-லெ-ˈரே-மொ, பர்-லெ-ˈரே-தெ, பர்-லெ-ˈரன்-னொ. அகராதி வடிவமான பர்-ˈலா-ரெ என்பதில் ஓங்கி நின்ற ஆ இங்கு அழுத்தம் இழந்து எ ஆகிவிட்டது. இது பிளாரன்ஸ் வழக்கின் அடையாளம்.

அழுத்தம் இழந்த உயிர் சில வினைகளில் முற்றிலும் மறைந்தது. வெ-ˈதே-ரெ என்பதிலிருந்து வெ-ˈத்ரொ ‘காண்பேன்’. அ-ˈவே-ரெ என்பதிலிருந்து அ-ˈவ்ரொ. உயிர் மறைந்தபின் சேர்ந்த மெய்கள் ஒத்துப்போகாவிட்டால் ஒன்று மற்றொன்றாகத் திரிந்தது. வெ-ˈனீ-ரெ என்பதில் உயிர் போனபின் ன், ர் சேர்ந்து வெர்-ˈரொ ‘வருவேன்’ ஆயிற்று. தெர்-ˈரொ, வொர்-ˈரொ என்பனவும் இவ்வழியில் வந்தவையே.

நிபந்தனை வடிவம் அதே துணைவினையின் இறந்தகாலத்தோடு ஒட்டிப் பிறந்தது. பர்-லெ-ˈரே-மொ ‘பேசுவோம்’, பர்-லெ-ˈரெம்-மொ ‘(வாய்ப்பிருந்தால்) பேசுவோம்’. இரண்டிலும் அசை நான்கு; அழுத்தமும் ஒரே அசையில். வேறுபாடு மூன்றாம் அசை திறந்ததா மூடியதா என்பதில் மட்டும் இருக்கிறது. திறந்திருந்தால் உயிர் நீள்கிறது. மூடியிருந்தால் உயிர் குறுகி மெய் நீள்கிறது. உறுதியான எதிர்காலமும் நிபந்தனைக்கு உட்பட்ட எண்ணமும் ஒரு மெய்யின் நீளத்தால் பிரிகின்றன.

ஒட்டிவரும் மாற்றுப்பெயர்கள்

‘எனக்கு’, ‘அதை’, ‘அங்கே’ போன்ற சிறு சொற்கள் ஏவல், எச்சம், அகராதி வடிவம் ஆகியவற்றின் இறுதியில் ஒட்டி ஒரே சொல்லாக எழுதப்படும். அவை அசையைக் கூட்டும்; அழுத்தத்தை அசைப்பதில்லை. ˈபொர்-த ‘கொண்டு வா’, ˈபொர்-த-மி ‘எனக்குக் கொண்டு வா’, ˈபொர்-த-மெ-லொ ‘அதை எனக்குக் கொண்டு வா’. நான்காம் அசை அழுத்தங்கள் பலவும் ஐந்தாம் அசை அழுத்தங்களும் பிறப்பது இப்படித்தான். தெ-ˈலே-ஃபொ-ன-மி ‘எனக்குத் தொலைபேசியில் பேசு’ என்பதில் அழுத்தத்தின் பின்னே மூன்று அசைகள் தொடர்கின்றன.

இங்கும் எழுத்து ஒன்றாகி ஒலி வேறாகும் இணைகள் உண்டு. ரி-ˈகொர்-த-தி ‘நினைவில் வை’, ரி-கொர்-ˈதா-தி ‘நினைவுகூரப்பட்டவர்கள்’. ˈவெ-ஸ்தி-தி ‘உடுத்திக்கொள்’, வெ-ˈஸ்தீ-தி ‘உடைகள்’. முதல் வடிவத்தில் கடைசி அசை ஒட்டிவந்த சொல். இரண்டாவதில் அது விகுதி. சொல்லின் உறுப்புகளைப் பிரித்துப் பார்த்தவுடன் அழுத்தமும் தெளிவாகிவிடும்.

‘கொடு’, ‘சொல்’, ‘செய்’ ஆகிய ஓரசை ஏவல்களோடு ஒட்டும்போது சிறுசொல்லின் மெய் இரட்டிக்கும்: ˈதம்-மி, ˈதிம்-மி, ˈஃபம்-மி. அழுத்தம் பெற்ற உயிரில் முடியும் சொல், தன்னை அடுத்து வரும் மெய்யை இரட்டிக்கச் செய்யும் என்னும் பொது இயல்பு இங்கு எழுத்தில் பதிவாகியுள்ளது. தனிச் சொற்களுக்கு நடுவே அது எழுதப்படுவதில்லை. ஆனால் ‘நன்றாகப் பேசினான்’ என்னும் தொடர் நியம உச்சரிப்பில் பர்-ˈலொப்-ˈபே-னெ என இரட்டித்தே ஒலிக்கிறது.

வடிவத்தைப் பிரித்தறியும் வரிசை

மேற்கண்டவற்றைக் கொண்டு எந்த வினைவடிவத்தையும் ஒரே வரிசையில் அணுகலாம். முதலில் இறுதியில் ஒட்டிய சிறுசொற்களை நீக்க வேண்டும். அடுத்து விகுதியைக் கண்டு காலத்தையும் இடத்தையும் அறிய வேண்டும். பிறகு விகுதி தானே அழுத்தம் பெறுவதா என்று பார்க்க வேண்டும். பெறுவது என்றால் வேலை முடிந்தது. ‘தெரிவிப்பார்கள்’ என்று நிபந்தனையோடு சொல்லும் கொ-மு-னி-கெ-ˈரெப்-பெ-ரொ ஏழசை கொண்டது. விகுதியைக் கண்டவுடன் அழுத்தம் தெரிந்துவிடுகிறது. விகுதி அழுத்தம் பெறாதது என்றால் அது வினையடியில் இருக்கும்; அங்கு எந்த அசை என்பதைத் தன்மை ஒருமை காட்டும். கொ-ˈமூ-னி-கொ ‘தெரிவிக்கிறேன்’ என்று அறிந்தவருக்குக் கொ-ˈமூ-னி-க-னொ ‘தெரிவிக்கிறார்கள்’ என்பதில் குழப்பம் இராது.

தன்மை ஒருமையிலேயே வழக்கு இரண்டுபட்ட வினைகள் சில உண்டு. ‘ஆவியாகிறேன்’ என்பதை எ-வ-ˈபோ-ரொ என்றும் எ-ˈவா-பொ-ரொ என்றும் சொல்கிறார்கள். முதலாவது ‘நீராவி’ என்னும் பெயரின் அழுத்தத்தைப் பின்பற்றுவது. ‘மதிப்பிடுகிறேன்’ என்பதில் வ-ˈலூ-தொ என்பதே ஏற்புடையது. ‘நாணய மதிப்பு’ என்னும் பெயரிலும் அழுத்தம் அதே அசையில்தான். ஈரெ வகை வினைகளில் எவை இடைநிலை ஏற்பவை, எரெ வகையில் எவை வினையடியில் அழுத்தம் பெறுபவை என்பனவும் சொல்லுக்குச் சொல் அறிய வேண்டியவை. மில்யோரினி, தல்யவீனி, ஃபியொரெல்லி மூவரும் தொகுத்து 1969-இல் இத்தாலிய வானொலி, தொலைக்காட்சி நிறுவனத்தின் பதிப்பகம் வெளியிட்ட எழுத்து, உச்சரிப்பு அகராதி இவற்றை ஒவ்வொரு சொல்லுக்கும் தருகிறது. அகராதி வடிவத்தின் அழுத்தம், நிகழ்காலத் தன்மை ஒருமை, முடிந்த இறந்தகாலத் தன்மை ஒருமை, இறந்தகால எச்சம் ஆகிய நான்கையும் அங்கிருந்து குறித்துக்கொண்டால், பெரும்பாலான வினைகளின் எஞ்சிய வடிவங்களை இங்கு கூறிய விதிகளே தந்துவிடும்.